கேட்காமலே நீட்டிய சொட்டு மருந்து

கம்பத்து மருந்துக் கடையில் "கண் எரியுது" என்றேன். கடைக்காரர் போனைப் பார்த்தபடியே சொட்டு மருந்தை நீட்டினார். கடையின் ஸ்பிரிட் வாசனை என்னைச் சிறுவயதில் இருந்த கோம்பை ஊருக்குக் கொண்டுபோனது.

ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்பிலிருந்து இறங்கிய அம்மாவும் அன்று அந்த ஊர் மருந்துக் கடையில் இதையே சொல்லித்தான் மருந்து கேட்டாள். "மருந்தடிச்ச தோட்டத்துலயா நின்னீக?" என்று விசாரித்த அந்தக் கடைக்காரர், சொட்டு மருந்து தராமல், வாசல் குழாயில் கால்மணி நேரம் கண்ணைக் கழுவ வைத்தார். "எரிச்சல் நிக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார்.

"மருந்து கேட்டா மூஞ்சியக் கழுவச் சொல்றாக. இதுக்கு ஒரு கடையா?" என்று வழியெல்லாம் பொருமிய அம்மா, வீடு சேர்வதற்குள் எரிச்சல் நின்றதை மட்டும் சொல்லவே இல்லை.

இன்று நானும் தோட்டத்திலிருந்துதான் வருகிறேன். சட்டையெல்லாம் பூச்சிமருந்து நாறுகிறது. இவர் மூக்கு என்ன அடைத்தா கிடக்கிறது?

"வேற என்ன வேணும்?" என்றார்.

"குழாய் எங்கன இருக்கு?" என்று கத்தினேன்.