என் மனைவியின் ஐந்தாவது பறத்தல்

மலை உச்சியிலிருந்து பாராகிளைடரில் பறக்க வருகிறவர்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் அடிவாரத்திலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை. அந்த மூட்டைக்குள் இருக்கும் இறக்கை கிழிந்தால் தைத்துக் கொடுப்பது என் மனைவியின் வேலை. காற்று சரியாக இருந்தால் எனக்குச் சவாரி. காற்று கோபித்துக்கொண்டு யாரையாவது மரத்தில் மாட்டிவிட்டால் அவளுக்குத் தையல். இரண்டு பேரும் ஒரே காற்றை நம்பித்தான் உலை வைக்கிறோம்.

முன்பெல்லாம் அவள் பள்ளிக்கூடச் சீருடையும் ஜன்னல் திரையும் தைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பறக்கும் பள்ளியின் மாஸ்டர் ஒரு கிழிந்த இறக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவள் அரை மணி நேரம் அந்தத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, பழைய தையலில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை குத்து இருக்கிறது என்று எண்ணி, தன்னிடம் இருக்கும் ஊசி இதற்கு ஆகாது, இதைவிட மெலிசு வேண்டும் என்றாள். அன்றிலிருந்து மலையில் எல்லாருக்கும் அவள் தையலக்கா. இறக்கை விரிக்கிற நாளில் முன்னறையில் தொடங்கி அடுப்படி வழியாகப் பின்வாசல் வரைக்கும் துணிதான். நாங்கள் சுவரை ஒட்டிப் பல்லி மாதிரி நடப்போம். எண்ணெய் தெறிக்கும் என்று தாளிக்கக்கூட விடமாட்டாள்.

தைத்து முடித்த இறக்கையை மாஸ்டரோ வேறு யாராவது தேர்ந்தவரோ பறந்து பார்த்துத்தான் சொந்தக்காரரிடம் ஒப்படைப்பார்கள். அந்த நேரம் அவள் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கமே நிற்பாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

"சட்டை தைச்சா போட்டுப் பாக்கச் சொல்றோம். சரியில்லன்னா பிரிச்சுத் தைக்கிறோம். இதுல மட்டும் என் தையல இன்னொருத்தர் உயிர வச்சுப் பாக்கறாங்க. எனக்கு அது ஒப்பல."

அடுத்த வாரமே பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. கேள்விப்பட்டு அவள் தம்பி, அதாவது என் மச்சான், வீட்டுக்கே வந்துவிட்டான். கொடியில் காயும் துணிக்கே காற்றடித்தால் கிளிப்பு வேண்டியிருக்கிறது, உன்னை எதை வைத்து அக்கா பிடித்து வைப்பது என்று கேட்டுச் சிரித்தான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள். நான் ஆண்டவனிடம் அவள் மனசை மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவர் மாற்றவில்லை. சரி, காற்றையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

முதல் ஒன்றரை மாதம் அவள் தரையை விட்டே எழும்பவில்லை. சமதரையில் இறக்கையைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்துவது, கீழே போடுவது, மறுபடி தூக்குவது, அவ்வளவுதான். முட்டி இரண்டும் தேய்ந்தன. இரவில் களிம்பு தடவிவிட்டால், "நாளைக்குக் காத்து எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பாள், வலிக்கிறது என்று சொல்லமாட்டாள். அப்புறம் சின்ன மேடு. அப்புறம் மாஸ்டரோடு சேர்ந்து இருவராக. அப்புறம்தான் தனியாக.

பள்ளியின் கணக்கு இதுதான். பருவக்காற்று மாறுவதற்குள், மாஸ்டர் கண் முன்னால், தனியாக ஐந்து முறை பிசகில்லாமல் பறந்து இறங்க வேண்டும். அப்போதுதான் சான்று. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வருஷம் மறுபடி சமதரையிலிருந்து ஆரம்பம். அவள் நான்கு முடித்திருந்தாள். இரண்டு வாய்ப்பு வீணாய்ப் போயிருந்தது. இரண்டையும் வீணாக்கியது நான்தான். ஒரு முறை அவள் ஓடத் தொடங்கும்போது "காலப் பாத்து!" என்று கத்திவிட்டேன். அவள் குனிந்து காலைப் பார்த்தாள், இறக்கை ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. இன்னொரு முறை வெறுமனே "ஐயோ" என்றேன். அதற்கும் சரிந்தது. மாஸ்டர் என்னை, ஓடுகிற இடத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். மனைவி அன்று ராத்திரி என்னை உட்காரவைத்து, ஓடுகிற இடத்தில் இனி வாய் திறப்பதில்லை என்று ஆண்டவன் பேரில் சத்தியம் வாங்கினாள். நான் சத்தியத்தை லேசாக எடுத்துக்கொள்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கடைசி நாள் வந்தது. மறுநாள் காற்று திசை மாறும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு மேலே போய்விட்டோம். அவள் மூட்டையை இறக்கியதும் பிரிக்கவில்லை. கம்பத்தில் கட்டிய காற்றுப்பையைப் பத்து நிமிஷம் பார்த்தாள். பை பள்ளத்துப் பக்கமிருந்து நேராக எங்களை நோக்கி உப்பியிருந்தது. அதற்குப் பிறகுதான் மஞ்சள் இறக்கையை லாடம் மாதிரி வளைத்து விரித்தாள். கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, முடிச்சு இல்லை, சுள்ளி சிக்கவில்லை என்று விரலால் நீவிக்கொண்டே போனாள். ஹெல்மெட், நெஞ்சுப்பட்டை, இடது கால்பட்டை, வலது கால்பட்டை, இறக்கையோடு இணைக்கும் இரண்டு கொக்கி, ஆபத்தில் விரிக்கிற அவசரக்குடையின் ஊசி என்று தலையிலிருந்து கீழே வரைக்கும் தொட்டுச் சொல்வாள். பட்டன் எண்ணுகிற மாதிரி இருக்கும். மாஸ்டரும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டார். பிறகு கீழே இறங்குமிடத்தில் இருப்பவரோடு பேச வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

அவளும் திரும்பி இறக்கையைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்தாள். அங்கேதான் வினை, அவள் அப்புறம் சொல்லித்தான் எனக்கே தெரியும். இறக்கையின் ஓரத்தில் ஒரு நூல் பிசிறு ஆடிக்கொண்டிருந்தது. அதனால் ஒரு கெடுதலும் கிடையாது. வேறு எவர் கண்ணிலும் அது பட்டிருக்காது, பட்டாலும் விட்டுவிடுவார்கள். முப்பது வருஷம் தைத்தவளால் விட முடியுமா? கொக்கிகளைக் கழற்றிவிட்டுப் போனாள். அந்தப் பட்டைகளோடு குந்த முடியாது, தொடையைப் பிடிக்கும். கால்பட்டை இரண்டையும் தளர்த்திக் கழற்றிக் குந்தி, பிசிறைப் பல்லால் கடித்துத் துப்பினாள். அப்போது மாஸ்டர், காற்று நன்றாக இருக்கிறது, தயாரானால் போகலாம் என்று குரல் கொடுத்தார். அவள் வந்து கொக்கிகளை மாட்டினாள். நெஞ்சுப்பட்டை இறுக்கமாகவே இருந்தது. உடம்புக்கு எல்லாம் மாட்டியிருப்பதாகத்தான் தோன்றியிருக்கும். பள்ளத்தைப் பார்த்து நின்றாள், மேலும் கீழும் யாரும் பறக்கவில்லை என்று பார்த்தாள், இரண்டு கையையும் உயர்த்தினாள்.

இறக்கை அழகாக எழுந்தது. அவள் நிமிர்ந்து அதைப் பார்த்தாள். முதல் அடி வைத்தாள். அப்போது அவள் முட்டியில் ஏதோ அடித்துக்கொண்டு ஆடியதைப் பார்த்தேன். கால்பட்டை.

கால்பட்டை இல்லாமல் தரை விட்டுப் போனால் உட்கார இடம் கிடையாது. ஆள் கீழ்நோக்கி நழுவி, அக்குளில் தொங்கி, பிறகு அதுவும் இருக்காது. பதினைந்து வருஷமாக மலைக்கு ஜீப் ஓட்டுகிறேன், இது தெரியாதா? சத்தியமும் நினைவுக்கு வந்தது. வந்ததும் போய்விட்டது.

"நில்லு! கால்பட்டை!"

அவள் கையில் பிடித்திருந்த இரண்டு பிரேக் கயிற்றையும் இடுப்புக்குக் கீழே இழுத்தாள். இறக்கை பின்னால் விழுந்து மண்ணில் அடங்கியது. விளிம்புக்கு இன்னும் ஆறு, ஏழு அடி இருந்திருக்கும்.

திரும்பியபோது அவள் முகம் கடுகடுவென்று இருந்தது. "மூணாவது தடவை. கடைசி நாள்லயும்..." என்று ஆரம்பித்தாள். நான் கையை மட்டும் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பட்டையைக் கையில் எடுத்தாள்.

மாஸ்டர் ஓடி வந்தார். அவருக்குத்தான் முகம் வெளுத்திருந்தது. நான் இழுத்துப் பார்த்துத்தானே குறித்தேன் என்றார். அவள் நூலைக் கடிக்கக் குந்தியதைச் சொன்னாள். இன்றைக்கு இது போதும், கை நடுங்கும்போது பறக்கக்கூடாது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. எனக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

அவள் கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நீங்க சொல்றது சரி மாஸ்டர். இப்ப பறக்கமாட்டேன். இது நிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பேன். நின்னதும் முதல்லேர்ந்து. நீங்களும் முதல்லேர்ந்து பாருங்க. அப்பவும் சரிப்படலைன்னா இறங்கிடறேன், நீங்களே சொல்லுங்க."

இறக்கையைச் சுருட்டி நிழலில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் உள்ளுக்குள் ஆண்டவனோடு பேசிக்கொண்டிருந்தேன். கை நடுக்கம் நின்றபோது காற்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அவள் எழுந்து போய்க் காற்றுப்பையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இப்படி மூன்று முறை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பறந்து இறங்கிவிட்டார்கள். நீல இறக்கைக்காரர் ஒருவர், தையலக்காவுக்கு உச்சியிலேயே ஒரு கடை போட்டுக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள்கூடச் சிரித்துவிட்டாள்.

பதினொன்றரை மணிக்குக் காற்று மறுபடி நேரானது. அவள் மூட்டையை முதல் தடவை பிரிப்பதுபோலப் பிரித்தாள். கயிறு, முடிச்சு, சுள்ளி. ஹெல்மெட்டிலிருந்து ஊசி வரைக்கும் தொட்டாள். மாஸ்டர் பார்த்தார். அதன்பின் அவரும் வேறு எங்கும் திரும்பவில்லை. கடைசிப் பார்வையில் கயிறொன்றில் ஒரு புல் ஒட்டியிருந்தது தெரிந்தது. கொக்கியைக் கழற்றிவிட்டுப் போய் எடுத்தாள். எடுத்துவிட்டு வந்து, கால்பட்டையைக் கழற்றவில்லையே என்று விடாமல், ஹெல்மெட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். காற்று போய்விடுமோ என்று எனக்குத்தான் பதைப்பு. அவள் அவசரப்படவில்லை. இடது கால், வலது கால் என்று சத்தமாகவே சொன்னாள்.

கையை உயர்த்தினாள். இறக்கை எழுந்து தலைக்கு மேல் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள், நெஞ்சை முன்னால் கொடுத்து ஓடினாள். ஆறாவது அடியில் காலுக்குக் கீழே தரை இல்லை. மலையை விட்டு நன்றாக விலகிய பிறகுதான் உட்கார்ந்தாள்.

நான் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் துண்டு சின்னதாகிக்கொண்டே போனது. வயல் ஓரத்தில் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து உயரத்தைக் குறைத்தது. காற்றுக்கு எதிராகத் திரும்பியது. அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். மாஸ்டர் கையிலிருந்த வாக்கி டாக்கிதான் சொன்னது: "தையலக்கா இறங்கியாச்சு. கால்லதான் இறங்கினாங்க. நிக்கிறாங்க."

நாங்கள் கீழே போனபோது அவள் இறக்கையை மடித்து முட்டியால் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஜீப் பானெட்டின் மேல் தாளை வைத்து, ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் எழுந்து வந்து அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"காலைல பாதியில நிறுத்தினது இதுல இல்லையே?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "அத விடுங்கக்கா. எழுதினா சான்று குடுக்கற ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. சான்று தள்ளிப்போகும். நிறுத்திக்கூட வைப்பாங்க."

நானும் அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். இத்தனை பாடுபட்டு, கைக்கு வந்த பிறகு எதற்கு வம்பு என்று.

"கேக்கட்டும். கால்பட்டையக் கழட்டிட்டு மறந்துபோய் ஓடினேன்னு எழுதுங்க. உங்க பேரு வேணாம், என் பேர மட்டும் போடுங்க. நாளைக்கு வேற யாராச்சும் எதுக்காவது குந்துவாங்க இல்ல?"

மாஸ்டர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு எழுதினார். தன் பேரையும் சேர்த்தே எழுதினார்.

ஆபீஸில் கூப்பிட்டார்கள். இரண்டு முறை போய் வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். இவள் அங்கேயே தரையில் குந்தி, பட்டை எங்கே பிடிக்கும், ஏன் கழற்றத் தோன்றும் என்று காட்டினாளாம். சான்று இரண்டு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. தைத்த இறக்கையைப் பறந்து பார்க்க இது போதாது, இன்னும் நாற்பது பறத்தலாவது வேண்டும் என்று அதோடு மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் சான்றை மிஷின் டிராயருக்குள் வைத்துவிட்டு, அடுத்த பருவத்தின் முதல் காற்று வரும் வாரத்தில் என் ஜீப்பில் தனக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னாள்.