அப்பாவின் இருமலில் ஒரு பீட்

வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பீட் போடுவது என் பொழுதுபோக்கு. தட்டு, கதவு, குழாய் என்று கிடைத்த சத்தத்தையெல்லாம் செல்போனில் பதிந்து தாளமாக்குவேன். ஒருநாள் அப்பாவின் இருமல் அருமையான தாளத்தில் விழுவதாகத் தோன்றியது. அவருக்குத் தெரியாமலே பதிந்து, வெட்டி ஒட்டி, இணையத்தில் போட்டுவிட்டேன். நண்பர்கள் பாராட்டினார்கள்.

பெரம்பலூரில் நர்ஸாக இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண் மட்டும், “இது யாரோட இருமல்ங்க? எத்தனை நாளா இருக்கு? சளி டெஸ்ட் எடுத்துப் பாருங்க” என்று எழுதியிருந்தார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். காசநோய் என்றார்கள். “சீக்கிரமா வந்துட்டீங்க, மாத்திரையிலயே சரியாயிடும்” என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, “உனக்கு எப்படிப்பா தோணுச்சு?” என்று கேட்டார். மறைக்க முடியாமல் ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

“நானா இப்படி இருமுறேன்?” என்றவர், “ஆனா தாளம் நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா இப்போது தேறிவிட்டார். செய்ததை நினைத்து வெட்கப்படுவதா, நிம்மதி அடைவதா என்றுதான் தெரியவில்லை. அந்த இருமலை ஐம்பது தடவையாவது ஓட்டிக் கேட்டிருப்பேன். அதில் நோய் இருந்தது ஏன் என் காதில் விழவில்லை என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை.