கத்தாமல் கழுத்தறுத்தவர்கள்

பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசில் பாதியைக் கழித்த பெரில் டாட்டர்சால், மீதியைக் கட்சிக்குக் கொடுத்தாள். இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் தேர்தல் என்றால் மழையோ பனியோ, நோட்டீஸ் கட்டோடு தெருவில் நிற்பாள்.

பழைய எம்.பி. ஓய்வு பெற்றபோது, "அடுத்து நீதான்" என்று கிளைத் தலைவர் கிளிஃபர்டே சொன்னான். ஆனால் கட்சி மேலிடம் வேட்பாளராக்க நினைத்த ஒரு இளவட்டம் லண்டனிலிருந்து வந்து இறங்கினான். வேட்பாளர் தேர்வுக் கூட்டம் தொடங்கும் முன் கிளிஃபர்ட் அவளைத் தனியே அழைத்து, தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தான்.

"கட்சி நல்லதுக்குத்தான் பெரில். நீயே விலகிட்டதா சொல்லிடறேன். அதான் உனக்கு மரியாதை."

கூட்டத்தில் அவள் விலகிவிட்டதாக அறிவித்து, நன்றி சொல்லிக் கைதட்டினார்கள்.

மறுவருஷம், கட்சி அரசியலைப் பற்றிய டிவி தொடர் ஒன்றை, அந்தக் கூட்டம் நடந்த அதே கூடத்தில் எடுத்தார்கள். காட்சியும் வேட்பாளர் தேர்வுதான். கூட்டத்தில் உட்கார உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டார்கள், பெரிலும் போனாள். படப்பிடிப்பில் நாற்காலி பறந்தது. ஒருவன் மேசைமேல் ஏறி நின்று கத்தினான்.

பெரில் நேரே இயக்குநரிடம் போனாள். "தம்பி, இங்க யாரும் இப்படிக் கத்த மாட்டாங்க. சிரிச்சுக்கிட்டே கழுத்தறுப்பாங்க."

"கேக்க நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா டிவில எடுபடாதே. டீ குடிக்கிறதையா காட்டுறது?"

தொடர் ஒளிபரப்பான அன்று கட்சி கிளப்பில் எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். நாற்காலி பறந்ததும் ஒரே விசில். கிளிஃபர்ட் பீர் கோப்பையைத் தூக்கினான்.

"நல்லவேளை, நாம அப்படி இல்லப்பா!"

பெரிலுக்கு உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து டிவியை மறைத்து நின்றாள்.

"ஆமா, நாம அப்படி இல்ல. நீ நாற்காலிய வீசல கிளிஃபர்ட், டீ போட்டுக் குடுத்தே. நான் எப்ப விலகினேன்? இத்தனை பேர் முன்னாடி சொல்லு!"

"பழசெல்லாம் இப்ப எதுக்கு? உக்காரு கண்ணு."

"கண்ணாவது மூக்காவது! உன்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்தத் தொடர் ரொம்ப வசதி. கத்துறவன்தான் அயோக்கியன்னு ஊரே நம்பிட்டு இருக்கு."

"பெரில், படம் மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

வசந்தத்தில் கிளைத் தேர்தல் வந்தது. கிளிஃபர்டை எதிர்த்துத் தலைவர் பதவிக்கு நின்றாள், தோற்றாள். ஆனால் கிளப்பில் அன்று ஊமையாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்குக் கை தூக்கியதைப் பார்த்ததும் கிளிஃபர்டின் சிரிப்பு சுண்டிப்போனது. சமாளித்துக்கொண்டு வந்து கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தொடவில்லை.