மழை என்று அறிவித்தபடி காரில் ஏறியவர்

குணரத்தினம் மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்த நேரம், நான் வைலே என்ற டெனிஷ் நகரத்தில் அவருடைய வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தேன். வழமையாக ஒருதரம் அடித்தால் இறங்கி வந்துவிடுவார். அன்று வரவில்லை. சுல்தான் என்று நான் பட்டம் வைத்த மனிதருக்கு இன்னும் கிரீடம் அகப்படவில்லைப் போல என்று எனக்குள் நக்கலடித்துக்கொண்டு மறுபடியும் அடித்தேன். மேல்வீட்டு டெனிஷ்காரி கோட்டைப் போர்த்துக்கொண்டு ஓடி வந்தார். சத்தத்துக்கு ஏசத்தான் வருகிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கண்ணாடிக்குள்ளால் கையை விட்டு என் தோளைப் பிடித்தார். விடியப்புறம் நெஞ்சுவலியாம். அம்புலன்ஸ் வந்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லையாம். என்னுடைய மற்றக் கை இன்னும் ஹோர்னில்தான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனாலும் அவரோடு கூடிய நேரம் இருந்தது நான்தான். பிராண்டேயில் காற்றாலைக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. போக, வர என்னுடைய கார். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்த மனிதர் இங்கே லைசென்ஸ் சோதனையில் தோற்றுத் தோற்று அந்த ஆசையையே விட்டுவிட்டார். "மாஸ்டர், உலகத்தில இருந்த எல்லா ராச்சியத்துக்கும் உங்களுக்கு வழி தெரியும். பிராண்டேக்கு மட்டும் நான் வேணும்" என்பேன். "ஓம் பிள்ளை, சக்கரவர்த்தியளும் தேரை ஆரோ ஓட்டத்தான் பின்னால இருந்தவை" என்பார்.

பின்சீட்டிலிருந்து கதை வரும். கொன்ஸ்தாந்திநோபிள் மதிலுக்குள்ளே கடைசிக் காலத்தில் கோதுமை விளைந்தது, பாக்தாத்தில் ஒரு தெரு முழுக்கக் காகிதக் கடைகள் இருந்தன, சீனத்து ஹாங்சோவில் நெருப்புப் பிடித்தால் பகலில் கொடியும் இரவில் விளக்கும் காட்டக் கோபுரங்கள் நின்றன. அந்த ஹாங்சோவில் விடிய விடியப் பிக்குகள் தெருவால் நடந்து இன்றைக்கு மழை, இன்றைக்கு வெயில் என்று கூவிச் சொல்வார்களாம். அதைச் சொன்ன நாளிலிருந்து மாஸ்டரும் பிக்குவாகிவிட்டார். காலையில் கார்க் கதவைத் திறந்ததும் கழுத்தை நீட்டி, "மழை!" என்று அறிவித்துவிட்டுத்தான் ஏறுவார். இந்த நாட்டில் அதற்குப் பெரிய ஞானம் தேவையில்லை என்று நான் சொல்லுவேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆத்திரம். எந்த நகரத்தின் முடிவையும் சொல்லமாட்டார். பகைவன் மதிலடிக்கு வருவான், அடுத்த நாள் வேறு நகரம் தொடங்கிவிடும். "இதென்ன மாஸ்டர், ஒரு சண்டையும் முடியாதோ?" என்று கேட்டால், "விழுந்த நாளை எல்லாரும் எழுதியிருக்கினம். இருந்த நாளைக் கதைக்கத்தான் ஆளில்லை" என்பார். நான் அவரைச் சுல்தான் என்று பட்டம் தெளித்தபோதும் சிரித்துவிட்டு, "சுல்தான் மதிலுக்கு வெளியில நிண்டவன் பிள்ளை. நான் உள்ளுக்க இருந்தவையின்ர ஆள்" என்றார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

விளங்கியது இந்த வருடம். அவருடைய ஒரே தங்கச்சி புருஷன் பிள்ளைகளோடு சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தா. தை மாதத்துக்குப் பிறகு தொடர்பில்லை. மாஸ்டர் தனிக்கட்டை. கைத்தொலைபேசியும் இல்லாததால், ஊரில் எல்லோருக்கும் என்னுடைய இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தார். போன் அடித்தால் நான் எடுக்க முதல் அவருடைய மூச்சு என் பிடரியில் படும்.

அந்த நாட்களில் அதே தொழிற்சாலையில் வேலை செய்த யோகனும் எங்களோடு வருவான். பிரெடெரிசியாவிலிருந்து ரெயிலில் வந்து ஏறுவான். ஊர்வலம், உண்ணாவிரதம் என்று நித்திரை இல்லாத பெடியன். சித்திரை மாதத்தில் ஒரு காலை அவன்தான் கேட்டான்.

"மாஸ்டர், உந்தச் சரித்திரத்தில சுத்தி வளைச்ச நகரம் ஒண்டாவது தப்பினதோ?"

மாஸ்டர் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். பிறகு, "ஹாங்சோ" என்றார். மொங்கோலியர் வந்து நின்றார்கள். அரசன் சின்னப் பிள்ளை. முதிய அரசி அரச முத்திரையை வெளியே அனுப்பிச் சரணடைந்துவிட்டா. நகரத்தை எரிக்கவில்லை. கடைகள் திறந்தன. அவர் ஒரு முடிவைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

"அப்ப எங்கட ஆக்களைக் கையைத் தூக்கச் சொல்லுறியளோ?"

"சனம் உயிரோட வரவேணும் எண்டு சொல்லுறன் தம்பி."

"அக்கா, காரை நிப்பாட்டுங்கோ."

"இறங்கி எங்கையடா போகப்போறாய்? மாடுதான் நிக்குது" என்றேன். என் பகிடிக்கு முதல்முறையாக ஒருவரும் சிரிக்கவில்லை. நிறுத்தினேன். அவன் இறங்கி வயல் ஓரமாக நடந்தான்.

இந்தக் கதை, ஞாயிறுகளில் எங்கள் தமிழ் ஆக்கள் கூடும் மண்டபத்துக்கு எங்களுக்கு முதல் போய்விட்டது. அடுத்த ஞாயிறு மாஸ்டர் வந்து இருந்ததும், பக்கத்தில் இருந்த கதிரைகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தன. நகர்த்தினவர்களும் இதை வாசிப்பீர்கள். நான் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. எனக்கு அரசியலில் இரண்டு பக்கமும் விளங்குவதில்லை. அந்த மனிதர் கண்டீனில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருகிறார் என்பது மட்டும் விளங்கியது.

வைகாசியில் வன்னியில் எல்லாம் முடிந்தது. அடுத்த காலை மாஸ்டர் வேலைக்கு வந்தார். கதவைத் திறந்தார், ஏறினார். மழையா வெயிலா என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

ஆனி மாதம் பிராண்டே வீதியில் போன் வந்தது. முகாமிலிருந்து ஒரு பெண் குரல், "அண்ணை நிக்கிறாரோ?" என்றது. காரை ஓரங்கட்டிப் போனைக் கொடுத்தேன். அவர் வயலுக்குள் இறங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தார். திரும்பி வந்து, பின்சீட்டை விட்டு என் பக்கத்தில் இருந்தார்.

"தங்கச்சி இருக்கிறா. மனுசனும் மூத்த பிள்ளையும் இல்லையாம்."

கொஞ்சத்தூரம் போன பிறகு, தானாகவே சொன்னார். "ஹாங்சோவில மிச்சம் ஒண்டு இருக்குப் பிள்ளை. அரசியையும் அந்தப் பிள்ளையையும் சிறை கொண்டுபோனவங்கள். கையைத் தூக்காத ஆக்கள் இன்னொரு பிள்ளைக்கு முடி சூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனவை. கடைசிச் சண்டை கடலில. போக இடமில்லாமல் ஒரு மந்திரி அந்தப் பிள்ளையை முதுகில கட்டிக்கொண்டு தண்ணிக்குள்ள குதிச்சவர். அண்டைக்கு யோகன் கேக்கேக்க எனக்கு இதுவும் தெரியும். தங்கச்சி கடற்கரையில நிண்டவ. எப்பிடிச் சொல்லுறது?"

யோகன், செத்தவீட்டில் நீ பெட்டிக்குப் பக்கத்தில் கனநேரம் நின்றதைப் பார்த்தேன். நீ கேட்டதற்கு அவரிடம் விடை இருக்கவில்லையடா. எப்படிப் பார்த்தாலும் பயம்தான் இருந்தது. அதில் பயம் குறைந்த முடிவைத்தான் உனக்குச் சொன்னார்.

போன கிழமை அந்தத் தங்கச்சி மறுபடியும் என்னுடைய போனுக்கு எடுத்தா. செத்த செய்தி அவவுக்கு ஏற்கெனவே போயிருந்தது. "அக்கா, அண்ணை கடைசியில எப்பிடி இருந்தவர்?" என்று கேட்டா. திறக்காத சாப்பாட்டுப் பெட்டி ஞாபகம் வந்தது. நகர்ந்த கதிரைகள் ஞாபகம் வந்தன. அவற்றில் ஒன்றையும் நான் வாயில் எடுக்கவில்லை. லைசென்ஸில் தோற்ற கதை சொன்னேன். காகிதக் கடைத் தெருவைச் சொன்னேன். ஒவ்வொரு காலையும் பிக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிக் கூவினதை, அவருடைய குரலிலேயே கூவிக் காட்டினேன். மறுபக்கத்தில் சிரிப்புக் கேட்டது, பிறகு அழுகை, பிறகு, "இஞ்சையும் மழைதான் அக்கா. கூடாரத்துக்குள்ள தண்ணி" என்றா.

அவருடைய புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தாயிற்று. எனக்கு அவை உதவாது. நான் வைத்திருப்பது அந்தக் கூவல் ஒன்றுதான். இப்போதும் அவருடைய வாசலால்தான் போகிறேன். ஹோர்ன் அடிப்பதில்லை. கண்ணாடியை இறக்கி, வானத்தைப் பார்த்து, ஒருதரம் சொல்லிவிட்டுப் போகிறேன். இன்று காலை வெயில், மாஸ்டர்.