கரண்டியில் வெள்ளைப் புள்ளிகள்

டெல்பினுக்கு முதலில் சந்தேகம் வந்தது ஒரு குழம்புக் கரண்டியைப் பார்த்துத்தான்.

காலையில் அவளே தேய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, ஆணியில் மாட்டிய கரண்டி. மத்தியானம் எடுத்துப் பார்த்தால் அதன் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். ஆர்.கே.புரத்தில் அவர்கள் பிளாக்குக்கு வருவது உப்பு மிகுந்த போர் தண்ணீர். அதில் அலசிய எவர்சில்வரைத் துடைக்காமல் விட்டால் காய்ந்ததும் புள்ளி விழும். துடைத்து வைத்ததில் விழாது. அப்படியென்றால் அவள் கழுவித் துடைத்ததை யாரோ திரும்பவும் அலசி மாட்டியிருக்கிறார்கள்.

ஒரு நாள் என்றால் விட்டிருப்பாள். மறுநாள் குக்கரின் உள்பாத்திரத்தில் புள்ளி. அடுத்த நாள் பால் காய்ச்சும் பாத்திரத்தில்.

டெல்பின் அரசு மருத்துவமனை ஒன்றில் லேப் டெக்னீஷியன். திண்டுக்கல் பக்கத்தவள். அப்பா தோல் பதனிடும் ஆலையில் கூலி வேலை பார்த்துப் படிக்க வைத்தார். தேர்வெழுதி டெல்லிக்கு வந்து, இந்த குவார்ட்டர்ஸைத் தன் பேரில் வாங்கியவள் அவள். கதிரவனைக் காதலித்து, பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் அப்பா மதியழகன் ரிட்டயர் ஆகித் தன் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, மாமனாரும் மாமியாரும் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

பிரசவ விடுப்பில் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் தினமும் பாத்திரம் கழுவும் வேலை அவளிடம் வந்தது. அதற்கு முன் விடிந்ததும் கிளம்பிவிடுவாள். கரண்டியின் முதுகைப் பார்க்க யாருக்கு நேரம்?

யார் அலசுகிறார்கள் என்பதில் அவளுக்குக் குழப்பமே இருக்கவில்லை. அத்தை மங்களம்தான். வேறு யார்? கிருத்திகை தவறாமல் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதியோடு திரும்புகிறவள். பகுத்தறிவு பேசும் கணவருக்காகச் சமையலறை அலமாரிக் கதவுக்குப் பின்னால் முருகன் படத்தை மறைத்து வைத்திருக்கிறவள். டெல்பினை ஒரு நாளும் அடுப்புப் பக்கம் விடாதவள். "நீ போம்மா, பாப்பாவைப் பாரு, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொள்வாள்.

பாத்திரம் கழுவுவதிலும் இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. குழாயைத் திறந்துவிட்டு ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் டெல்பினுக்குக் கழுவியதாகத் தோன்றும். மங்களத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்.

"குழாயைத் திறந்து வுட்டுக்கிட்டே தேய்க்கிறியே, தண்ணி உங்க அப்பன் வீட்டுதா?"

"உங்க வாளியில கடைசியா முக்குற டம்ளர்ல மீன் குழம்பு வாசம் வருது அத்தை."

"வந்தா என்ன? மீனு திங்காத குடும்பமா நாம?"

கழுவியதைக் கூடையில் கவிழ்த்தால் தானே வடியும் என்பாள் மங்களம். துடைக்காவிட்டால் புள்ளி விழும் என்பாள் டெல்பின். இந்தச் சண்டை தமிழில் தொடங்கி, கதிரவன் ஹாலிலிருந்து "அரே, பஸ் கரோ யார்!" என்று, போதும் நிறுத்துங்கள் என இந்தியில் கத்துவதில் முடியும்.

மாமனார் மேல் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. எப்படி வரும்? மதியழகன் என்பதே அவர் கல்லூரியில் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களில் சாதியைக் கிழித்துத் தொங்கவிடுகிறவர். கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து, "என் வீட்டுக்குள் ஒரு சாதி வரவில்லை, ஒரு மனுஷி வருகிறாள்" என்று பேசி எல்லோரையும் கைதட்ட வைத்தவர். அதோடு, தன் தட்டையும் டம்ளரையும் தானே கழுவிக்கொள்ளும் ஆண்பிள்ளை. சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை, சாப்பிட்ட பின் ஒரு தடவை. இன்னொருத்தர் கை அதில் பட விடமாட்டார். பார்த்தவர்களெல்லாம் டெல்பினிடம் வந்து சொன்னார்கள்: "குடுத்து வச்சவ நீ. இப்படி ஒரு மாமனார் யாருக்குக் கிடைக்கும்?"

தட்டு கழுவும் ஆணைக் கண்டால் நம் ஊரில் ஆராய்ச்சியே கிடையாது, நேராகப் பாராட்டுதான்.

விடுப்பு முடிய ஒன்றரை மாதம் இருந்தது. அதன் பிறகு குழந்தை பகல் முழுக்க யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்தாக வேண்டும். ஒன்று தாத்தா பாட்டி, இல்லையென்றால் மருத்துவமனைக் குழந்தைகள் காப்பகம். வீட்டில் ஆள் இருக்கும்போது காப்பகம் எதற்கு என்றுதான் அவளும் நினைத்திருந்தாள், புள்ளிகளைப் பார்க்கும் வரை. தான் தொட்ட கரண்டியைக் கழுவி எடுக்கும் கை தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுமா? அம்மா கை பட்டதை அலச வேண்டும் என்று பார்த்துப் பார்த்தே அந்தப் பிள்ளை பேசக் கற்குமா?

கதிரவனிடம் சொன்னாள்.

"அம்மாக்கு சுத்தம் பைத்தியம், டெல்பின். யார் கழுவினாலும் திருப்பி அலசுவாங்க. உன் மேல ஒண்ணும் இல்ல."

"யார் கழுவினாலுமா?"

"பக்கா."

"அப்போ சோதிச்சுப் பாத்துரலாம்."

அவள் சொன்ன சோதனை எளிமையானது. அடுத்த ஞாயிறு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாத்திரம் முழுக்கக் கதிரவன் கழுவினான். டெல்பின் பக்கத்தில் நின்று துடைத்து மட்டும் வைத்தாள். பிறகு அவன் பின்பக்க பால்கனி வழியாகப் படுக்கையறைக்குள் நழுவினான். அவள் நைட்டியில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, "அப்பாடா, எல்லாத்தையும் கழுவிட்டேன்" என்று சோபாவில் விழுந்தாள். அதற்கடுத்த ஞாயிறு இதைத் திருப்பிச் செய்தார்கள். கழுவியது அவள். நனைந்த பனியனோடு வந்து "முதுகு போச்சு" என்று முனகியது அவன்.

முதல் ஞாயிறு கரண்டி, குக்கர், பால் பாத்திரம் எல்லாவற்றிலும் புள்ளி. இரண்டாம் ஞாயிறு ஒன்றில்கூட இல்லை.

கதிரவன் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னொரு தடவை பண்ணிப் பாக்கலாம். சில சமயம் தப்பாகும்ல?"

அடுத்த ஞாயிறு முதல் வாரச் சோதனையையே திரும்பப் பண்ணினார்கள். அதே முடிவுதான் வந்தது.

"நான் கழுவினா அழுக்கு. நீ கழுவினதை நான் கழுவினேன்னு சொன்னாலும் அழுக்கு" என்றாள் டெல்பின். "இதுக்கு என்ன பேரு கதிர்? சுத்தமா?"

அவன் குக்கரைக் கீழே வைத்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். சாதியெல்லாம் ஊரில் இருக்கிற விஷயம், ரயில் ஏறும்போது பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று என்று நம்பிக்கொண்டிருந்தவன்.

மறுநாள் மாமனார் பால் வாங்கப் போன நேரத்தில் டெல்பின் அத்தையின் எதிரில் போய் நின்றாள். மங்களம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, நான் கழுவி வச்சதை ஏன் திரும்ப அலசுறீங்க?"

மங்களத்தின் கை நின்றது. "நானா?"

"வேற யாரு? என்னை அடுப்பு கிட்டயும் விட மாட்டேங்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

மங்களம் கீரைக் கட்டைத் தள்ளி வைத்தாள். கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"நான் எதுக்குடி அலசப் போறேன்? இருக்கற மூட்டுவலிக்கு ஒரு தடவை கழுவறதே பெரும்பாடு. அவருதான்."

"மாமாவா?"

"நீ கழுவிட்டுப் போனேன்னா வருவாரு. தண்ணி குடிக்க வர்ற மாதிரி வந்து, சமைக்கிற பாத்திரத்தை மட்டும் குழாயில காட்டிட்டுப் போவாரு. நான் அடுப்பைப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

"அடுப்பு கிட்ட என்னை விடாதது?"

"நீ சமைச்சா அவரு சாப்புட மாட்டாரு. வயித்துவலின்னு எந்திரிச்சிடுவாரு. ஒனக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போவியேன்னு நான்தான் மறிச்சுக்கிட்டு நின்னேன்."

மங்களம் கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"ஒனக்கு இது புதுசு. கல்யாணமான நாள்லேருந்து நான் மாசாமாசம் வீட்டுக்குத் தூரம்னா, அந்த நாள்ல நான் கழுவினதையும் இப்படித்தான் அலசிக்குவாரு. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு. அப்பறம் மேடையில ஏறிப் பேசுவாரு. நான் முன் வரிசையில உக்காந்து கை தட்டுவேன்."

அதைக் கேட்டதும் டெல்பினுக்கு அத்தை மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகம்தான் வந்தது. இத்தனை காலம் பார்த்துக்கொண்டே வாய் மூடி நின்றவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பழியை அவர் தலையில் போட்டுத் தப்பிக்கிறாளோ?

ஆகவே அந்த ஞாயிறு சமையலை அவளே செய்தாள். மங்களம் மறிக்கவில்லை.

மதியழகன் வழக்கம்போலத் தன் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டெல்பின் சோறு போட்டு, சாம்பார் ஊற்றினாள்.

"இன்னைக்குச் சமையல் நான்தான் மாமா."

சோற்றைப் பிசையப் போன விரல்கள் அப்படியே நின்றன. "அப்படியா? நல்லதும்மா. வாசனை நல்லா இருக்கு. காலைலேருந்து எனக்கு வயிறுதான் கொஞ்சம் ஒரு மாதிரியா…"

"அப்பா!" என்றான் கதிரவன்.

"என்னடா?"

"காலையில பூரி அஞ்சு சாப்ட்டீங்க."

மதியழகன் மருமகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"இதுல சாதி எங்கேருந்து வந்துச்சு? சின்ன வயசுலேருந்து ஒரு பழக்கம். ஒடம்புல ஊறிப் போச்சு. மனசுல எனக்கு எந்தப் பேதமும் கிடையாது. அது ஒனக்கே தெரியும்."

"ஒடம்புக்கு எப்படி மாமா ஆள் தெரிஞ்சுது? மூணு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை நீங்க அலசினது பூரா ஒங்க மகன் கழுவினது. அடுத்த வாரம் அலசாம சாப்பிட்டது நான் கழுவின பாத்திரத்துல. ஒடம்பு ஒண்ணும் சொல்லலையே?"

அவர் முகம் சிவந்தது. "என்னையே வேவு பாத்தியா? ஊரே எதிர்த்தப்ப, ஒன்னை இந்த வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தவன் நான்!"

"வீடு என் பேர்ல இருக்கு மாமா. வந்தது நீங்க."

மங்களம் தன் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, சாம்பாரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாள்.

மதியழகன் எழுந்து கை கழுவப் போனார்.

மனசு மாறிவிட்டது, உடம்புதான் மாறவில்லை என்பது வசதியான வாதம். உடம்பு என்ன தனியாகவா தெருவில் நடக்கிறது? கரண்டியை அலசியது அந்த மனசு அனுப்பிய கைதான். எதிரே நின்று சாதி பேசுகிறவனையாவது அடையாளம் தெரிகிறது. கூடவே நின்று கை தட்டு வாங்கிக்கொண்டு, ஆள் போன பிறகு குழாயைத் திறக்கிறவனை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

டெல்பின் அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவர் மன்னிப்பும் கேட்கவில்லை. "சங்கத்துல யாருக்கும் இது தெரிய வேண்டாம்" என்று மகனிடம் மட்டும் சொன்னார். கதிரவன் அதை வந்து சொன்னதும் டெல்பின் காப்பகத்தில் குழந்தையின் பேரைப் பதிந்துவிட்டாள்.

"என்னையும் சேத்து ஏம்மா தண்டிக்கிற?" என்றாள் மங்களம்.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

"சொல்லியிருந்தா என்னை நம்பியிருப்பியா? விபூதியப் பாத்தே என்னைத் தீர்மானம் பண்ணி வச்சிருந்தவதானே நீ?"



வேலைக்குத் திரும்பும் நாள் காலை அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பு மாட்டும்போது, மங்களம் புடவை மாற்றித் தயாராக நின்றாள்.

"நானும் வரேன். எடத்தைப் பாத்துக்கறேன். நாளையிலேருந்து நான் கொண்டு விட்டு, சாயந்திரம் கூட்டிட்டு வரேன். அவரு வீட்டுல இருக்கட்டும். சோறு வேணும்னா பொங்கிக்கட்டும்."

டெல்பின் அந்த முகத்தையே பார்த்தாள். பரிவா, பயமா, புருஷனை இத்தனை வருடம் கழித்துப் பழி வாங்கும் சந்தோஷமா? ஒன்றும் பிடிபடவில்லை. ஒருவேளை மூன்றும் இருக்கலாம்.

"வாங்க" என்றாள்.

பால் புட்டிப் பையைக் கழற்றி அத்தையிடம் கொடுத்தாள். குழந்தையைக் கொடுக்கவில்லை. இருவரும் பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள்.