கமலேஸ்வரி டீச்சரின் கீழ் வரிசை

அன்று வியாழக்கிழமை. வெலிமடையிலிருந்து இரண்டு மூட்டை லீக்ஸையும் அவற்றுக்குச் சொந்தக்காரரான ஒரு முஸ்லிம் வியாபாரி நானாவையும் ஏற்றிக்கொண்டு என் ஆட்டோ பண்டாரவளைக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து என் மனைவி செல்வி போன் எடுத்தாள். "கமலேஸ்வரி டீச்சர் காலையில தவறிட்டாங்களாம்ங்க. பதுளையில, ஆஸ்பத்திரியில வச்சு." நான் சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அடுத்த வளைவு வரைக்கும் ஓட்டினேன். பிறகு பாதை தெரியவில்லை.

நானா ஓரமாக நிறுத்தச் சொன்னார். லீக்ஸ் வாடை கண்ணை எரிக்கிறது என்றேன். நாற்பது வருடமாக மரக்கறி விற்கிறவரிடம் அப்படிச் சொன்னேன்.  அவர் கண்ணைத் துடைக்கத் தன் கைலேஞ்சியைக் கொடுத்துவிட்டு, மார்க்கெட் எங்கேயும் ஓடாது என்று மட்டும் சொன்னார்.

நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று நம் பள்ளிக்கூட அதிபர் சொன்னபோது, ஆள் மாறிக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்குப் பாடத்திடம் தோற்றவன் நான். இதுவரை நான் எழுதியதெல்லாம் மகளுக்கான லீவுக் கடிதங்கள்தான். அவற்றை வாசித்த ஒரே வாசகர் டீச்சர். அந்த உரிமையில் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைகளும் அவரிடம் படித்தவர்கள்தானே, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடிதங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் தர்ஷி மூன்றாம் வகுப்பில் இருந்தாள். விளையாட்டுப் பாடம் உள்ள நாளெல்லாம் அவளுக்கு ஏதாவது வருத்தம் வரும். வயிற்றுவலி, பல்வலி, காய்ச்சல். வலிகள் தீர்ந்துபோனதும் மாமியாரின் மரணத்தை எழுதினேன். இரண்டு மாதம் கழித்து, மறந்துபோய், அதையே மறுபடியும் எழுதிவிட்டேன். அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் டீச்சர் என் ஆட்டோவை மறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நம் மலைக்கு வந்து இருபது வருடமாகியும் அவருடைய பேச்சு கொஞ்சமும் மாறவில்லை.

"தர்ஷியின்ர அப்பா, உங்கட மாமியார் ரெண்டு தரம் மோசம் போயிட்டா. நேற்று அவவைக் கடையில கண்டனான். சுகமா இருக்கிறா."

நான் தலையைச் சொறிந்தேன். அவர் கோபிக்கவில்லை. பிள்ளை ஓடுவதில் எனக்கு என்ன பயம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இன்னொரு பொய்.

உண்மை இதுதான். தர்ஷிக்கு வீசிங் இருந்தது. குளிர் அதிகமான காலையிலும் ஓடினாலும் அவளுக்கு நெஞ்சு இழுக்கும். பதுளை கிளினிக்கில் ஒரு நீலப் பம்பும், அதை மாட்டி மூச்சிழுக்க ஒரு பிளாஸ்டிக் குழாயும் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு சொப்பிங் பேக்கில் சுற்றி, ஆட்டோவின் பின் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். தோட்டத்து லயத்து வீடுகளில் சுவர் மெல்லியது, காது நீளம். பொம்பளைப் பிள்ளைக்கு நெஞ்சில் நோய் என்று ஒரு வாய்க்குப் போனால் பத்து வீட்டுக்கும் போய்விடும். பத்து வருடம் கழித்துப் பெண் பார்க்க வருகிறவனுக்கும் அது காத்திருக்கும். என் கணக்கு அப்படி. கணக்கில் நான் எப்படி என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

நம் பள்ளிக்கூட மைதானத்தை மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பஸ் திரும்புகிற அளவுக்குச் சமதரை, அதற்குக் கீழே சரிவு, சரிவு முழுக்கத் தேயிலை, அதற்கும் கீழே ஓடை. பிள்ளைகள் எல்லே விளையாடுவார்கள். மட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு மூலையும் சுற்றி ஓடுகிற விளையாட்டு. நன்றாக அடிக்கிற பிள்ளை இருந்தால் அன்றைக்கு ஒரு பந்து போய்விடும். அப்படியே பந்துகள் ஓடைக்குப் போய், கடைசியில் ஒன்று மிஞ்சியபோதுதான் டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் அப்பாமாரைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து தேயிலைக்குள் வரிசையாக நின்று பந்தை மறிக்க வேண்டும். அதற்குக் கீழ் வரிசை என்று பெயரும் வைத்துவிட்டார்.

அம்மாமாரும் வரவேண்டுமா என்று கேட்டபோது அவர் சொன்னதை செல்வி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அம்மாமார் கிழமை முழுக்கக் கூடையோடு மலை ஏறுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மேலே உட்கார்ந்து கைதட்டினால் போதும் என்றார் டீச்சர். அன்றைக்கு எழும்பிய கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஞாயிறு காலையில் நம் தோட்டத்து அப்பாமார் எந்த நிலையில் இருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முதல் வாரம் ஆறு பேர் வந்தோம், இரண்டு பேர் நேராக நின்றோம். பந்து வந்தது. நான் பிடித்து மேலே எறிந்தேன். டீச்சர் விசில் ஊதி விளையாட்டையே நிறுத்திவிட்டார்.

"எறியப்படாது. ஏறி வந்து பிள்ளையின்ர கையில குடுக்கோணும்."

பக்கத்தில் நின்ற பாக்டரி மணியம், "டீச்சர், எல்லே விளையாடுறது பிள்ளைங்களா, நாங்களா?" என்று கேட்டான். ஆரென்று நினைக்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். மூன்றாம் தடவை ஏறியபோது எனக்கு நாக்கு வெளியே வந்துவிட்டது. சில மாதங்களில் மணியம் சனிக்கிழமை இரவுக் குடியைக் குறைத்துக்கொண்டான். குடிக்காதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சரிவு சொல்லிவிட்டது. இரவில் பெருமழை பெய்திருந்தால் டீச்சர் முதலில் சரிவைத்தான் பார்ப்பார். மண்ணில் ஒரு வெடிப்புக் கண்டாலும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மீரியபெத்த தோட்டத்து மண்சரிவுக்குப் பிறகு அதில் யாரும் வாதாடுவதில்லை.

தர்ஷி அப்போதெல்லாம் புள்ளி எழுதுகிறவள். விளையாட வயதிருந்தும் கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பாள். ஒரு ஞாயிறு ஒரு பிள்ளை குறைந்தது. "அப்பா, ஒரே ஒரு தடவப்பா" என்று மேலேயிருந்து கெஞ்சினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவள் எங்கே அடிக்கப் போகிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அடித்தாள். பந்து எங்கள் தலைக்கு மேலே போயிற்று. ஒரு நொடி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் முதல் மூலையைத் தாண்டினாள், இரண்டாவதைத் தாண்டினாள், மூன்றாவதில் குந்திவிட்டாள். கீழேயிருந்தே அவளுடைய தோள்கள் ஏறி இறங்குவது தெரிந்தது.

ஆட்டோவை யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று மேல் ரோட்டில், கோயிலுக்கு அப்பால் விட்டிருந்தேன். தேயிலை வரிசையிலிருந்து மைதானம், மைதானத்திலிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து ரோடு. அந்த ஏற்றத்தை நான் ஏறியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை விழுந்தேன். சீட்டைத் தூக்கிய பிறகு அந்தப் பையின் முடிச்சு அவிழவில்லை. யாரும் பார்க்கக்கூடாது என்று அவ்வளவு இறுக்கி நானே போட்ட முடிச்சு. பல்லால் கிழித்தேன்.

திரும்பி வந்தபோது டீச்சர் அவளை நிமிர்த்தி உட்கார்த்தி, சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எண்ணிக்கொண்டிருந்தார். தர்ஷியின் உதடு நிறம் மாறியிருந்தது. பம்பை டீச்சர் வாங்கிக் குழாயில் மாட்டி அவள் வாயில் வைத்தார்.  கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு இறங்கியது. உடனே என் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். பின் சீட்டில் டீச்சர் மடியில் பிள்ளை. 

டாக்டர் பார்த்து, பயமில்லை என்று சொன்ன பிறகு, வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தபோது ஏன் ஒளித்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். பெண் பார்க்க வருகிறவனைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்லவே எனக்குக் கூசியது.

"எட்டு வயசுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கிறியளோ? முதல்ல பிள்ளை பதினெட்டுக்கு வரட்டும்" என்றார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்: "நீங்கள் ஒளிச்சது மருந்தை இல்லை. பிள்ளையைத்தான்."

அடுத்த கிளினிக் நாளில் லீவு போட்டுவிட்டு எங்களோடு வந்தார். பிள்ளை ஓடலாமா என்று டாக்டரிடம் கேட்டார். தாராளமாக ஓடலாம், எப்போது பம்ப் எடுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறேன், மருந்து மட்டும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் நாளே இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேனே என்றும் சொன்னார். சொல்லியிருக்கிறார். வீசிங் என்ற சொல்லோடு என் காது மூடிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஒரு சிவப்புப் பையைக் கொண்டுவந்து மைதான ஓரத்து முள்முருங்கை மரத்தில் மாட்டினார். பிள்ளைகளையும் பெற்றோரையும் கூப்பிட்டு, பம்பை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். தர்ஷி தலையைக் குனிந்துகொண்டாள். நான் தேயிலைக்குள் மறைய இடம் பார்த்தேன். அப்போது டீச்சர் தன் கைப்பையைத் திறந்து ஒரு குளிசை அட்டையை எடுத்தார். இன்னொரு மாத்திரை அட்டை கைப்பையில் இருக்கிறது, இது இங்கே இருக்கட்டும் என்று சொல்லி அதையும் பைக்குள் வைத்தார்.

"இது தர்ஷியின்ர. இது என்ர. எனக்கு நெஞ்சில வருத்தம். எங்க இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியோணும். இதில வெக்கப்பட ஒண்டுமில்லை."

அவருக்கு இதய நோய் என்பது அன்றைக்குத்தான் நம் எல்லோருக்கும் தெரிய வந்தது. அதன் பிறகு அவர் படி ஏறினால் ஒரு பிள்ளை பின்னாலேயே உட்காரக் கதிரை தூக்கிக்கொண்டு போகும். தர்ஷிக்கு இளைத்தால் இன்னொரு பிள்ளை சொல்லாமலே பைக்கு ஓடும். லயத்தில் பேசினார்கள்தான். ஒரு வாரம் பேசினார்கள். பிறகு பக்கத்து லயத்திலிருந்து ஒரு அம்மா தன் மகனுடைய பம்பையும் கொண்டுவந்து அதே பையில் வைத்தார்.

டீச்சரை சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உடலை ஏற்றிய வான் புறப்படுவதற்கு முன் பதுளையில் ஒரு மணி நேரம்தான் பார்க்க விட்டார்கள். கைப்பையில் இருந்த குளிசையை அன்று காலை நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டாராம், அது போதவில்லையாம். அவருடைய தங்கை சொன்னார்.

டீச்சர் தவறிய பிறகு வந்த ஞாயிறு விளையாட்டு உண்டென்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நான் கீழ் வரிசையில் போய் நின்றேன். பனி விலகும்போது பார்த்தால் மணியம் நிற்கிறான். அவனுக்கு அப்பால் இன்னும் ஒன்பது பேர். தர்ஷி சிவப்புப் பையை மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் மேலே ஏறி, டீச்சரின் குளிசைகளை எடுத்து மருந்தகத்தில் கொடுத்துவிடலாம், பிள்ளைகள் கையில் படக்கூடாது என்றேன். அவள் யோசித்தாள். குளிசையைத் தந்தாள். அதைச் சுற்றியிருந்த கடதாசியைத் தரவில்லை. டீச்சர் கையெழுத்தில், 'கமலேஸ்வரி. நாக்குக்குக் கீழ்' என்று எழுதியிருந்த துண்டு.

"இது டீச்சரோடது. எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியணும்ப்பா."

அது இப்போதும் பம்புகளோடு அந்தப் பையில் இருக்கிறது. எனக்கென்று டீச்சர் விட்டுப்போனது கீழ் வரிசையில் நான்காவது இடம், ஒரு கல்லுக்குப் பக்கத்தில். அன்றைக்கு அங்கே திரும்பிப் போய் நின்றேன். தர்ஷி அடித்த பந்து நேராக என்னிடம் வந்தது. விசில் ஊத மேலே யாரும் இல்லை, எறிந்திருக்கலாம். ஏறினேன். நாலு மூலையும் சுற்றி முடித்து நின்றவளுக்கு இளைக்கவில்லை, எனக்குத்தான் இளைத்தது. "அப்பா, மெதுவா வாங்க" என்றாள். பந்தைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.