இங்கிலாந்து சர்ச் மணி

போன சனிக்கிழமை எதிர்வீட்டு அக்காவைப் பதற வைத்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை... ஒரு வீடியோவால் வந்த வினை.

என் தங்கை இங்கிலாந்தில் நர்ஸ். ஒரு சின்ன ஊர். ஞாயிறு தவறாமல் அவள் போகிற சர்ச்சுக்கு வயது எண்ணூறாம்! யாரோ ஒரு பண்ணையார் கட்டிய கல் கட்டடம். கொள்ளைநோய் வந்து பாதி ஊர் காலியானபோது, சாவு விழ விழ மணி அடித்தார்களாம். பிறகு வந்த ராஜா போப்பை விட்டு விலகித் தனிச் சபை தொடங்கினார் – சுவரில் இருந்த வேதக் கதை ஓவியங்கள் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். இப்போது? ஊர்க்காரர்கள் வாரம் ஒருநாள் கூடி, ஆளுக்கொரு கயிறு பிடித்து, மணி அடித்துப் பழகுகிறார்கள். பொழுதுபோக்குக்கு!

அந்த வீடியோவைத்தான் அனுப்பியிருந்தாள். போனில் சத்தம் போதவில்லை. புளூடூத் ஸ்பீக்கரில் போட்டேன். நல்ல மத்தியானம்.

வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். ஆராதனை இல்லாத நேரத்தில் எங்கள் சர்ச் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான் – ஏதோ பட்டாசுக் கம்பெனியில் வெடித்துவிட்டது, வண்டி வைத்திருப்பவர்கள் வாருங்கள். எந்தச் சாமி கும்பிடுகிறவர்களுக்கும் இது தெரியும். எனக்கும்தான் தெரியும். தங்கை ஊர்ப் பெருமையில் மறந்துபோனேன்.

எதிர்வீட்டு செல்வி அக்கா ஓடி வந்தார். காலில் செருப்பில்லை, கையெல்லாம் மாவு. அவர் மகள் பட்டாசு மருந்து கலக்குகிற ரூமில் வேலை பார்க்கிறாள். என்ன சத்தம் என்று அவர் கேட்கவில்லை.

"எந்தக் கம்பெனி டீச்சர்?"

ஸ்பீக்கரை அணைத்தேன். ஒன்றுமில்லை, இது இங்கிலாந்து மணி என்றேன்.

"இங்கிலாந்துல எந்தக் கம்பெனி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடியோவைக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார். ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை. மகளுக்கு போன் போடலாமென்றால், கம்பெனிக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது.

"ஒருக்கா கண்ணால பாத்துட்டு வந்துருவோம் டீச்சர்" என்றார்.

ஸ்கூட்டரை எடுத்தேன். அடித்தது என் வீட்டு ஸ்பீக்கர்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் வழி நெடுக, எங்கேயாவது புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். பயத்துக்குத் தெரியுமா, அது ரெக்கார்டிங் என்று?

வாட்ச்மேன் சொல்லி அனுப்ப, மகள் கேட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சாம்பல் நிறத்தில் மருந்துத் தூள். கோபம் வேறு.

"வேல நேரத்துல எதுக்கும்மா வந்தீக? சூப்பர்வைசர் ஏசுவாரு."

செல்வி அக்கா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். அவள் ஆச்சு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாடா என்று திரும்பினோம். செல்வி அக்கா வண்டியின் பின்னால் உட்கார்ந்து, ராத்திரிக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூடப் பேச ஆரம்பித்துவிட்டார். பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது...

ஆபத்தே இல்லாத ஒரு மணிச் சத்தத்துக்குப் பதறி ஓடியவர்கள், பிள்ளையை அந்த மருந்து ரூமுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்!